மூன்று பலகையிலும் ஒரே சாய்வு

செத்துப்போன பிறகும் அவள் தப்பாகத்தான் போட்டிருக்கிறாள் என்பது மூலைமட்டத்தை வைத்ததுமே தெரிந்துவிட்டது.

அவள் கணவரான நேர்கோடு குனிந்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார். மூலைமட்டத்தின் கட்டை பிளைவுட் பலகையின் ஓரத்தில் ஒட்டி உட்கார்ந்திருந்தது. அதன் எஃகுத் தகடு நேராக நின்றது. மனைவி போட்டு வைத்திருந்த பென்சில் கோடு தகட்டோடு சேர்ந்து புறப்பட்டு, போகப் போக விலகி, முடிகிற இடத்தில் ஒரு விரல் அகலம் வெளியே போயிருந்தது.

"பாத்தியா மாப்ள? உங்கக்கா லட்சணத்த!"

மனைவியின் தம்பி பலகையின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டிருந்தான். லாரி டிரைவர். ஓய்வு நாளில் தூங்க வேண்டியவனை இழுத்து வந்திருந்தார்.

"அக்கா கோடு போட்டா தப்பா போடாது மாமா."

"மூலைமட்டம் பொய் சொல்லுதுங்கிறியா?"

"அது எதுக்குப் பொய் சொல்லப் போவுது? அதுக்கென்ன கல்யாணமா ஆயிருக்கு?"

நேர்கோடு சிரிக்கவில்லை. அழிப்பான் தேடப் போனார்.

நேர்கோடு என்பது அலுவலகத்தில் வைத்த பெயர். கட்டட வரைபடங்களைச் சரிபார்த்து முத்திரை குத்தும் பிரிவில் வேலை பார்த்தவர். ஓய்வு பெற்ற அன்று மேடையேறிப் பரிசை வாங்கிக்கொண்டு, பின்னால் கட்டியிருந்த துணி இடது பக்கம் இறங்கியிருப்பதைச் சொல்லிவிட்டுத்தான் நன்றி சொன்னார். வீட்டில் யாரும் அவரை அந்தப் பெயரால் கூப்பிட்டதில்லை. கூப்பிட வேண்டிய அவசியம் வரவில்லை. கொடியில் காயும் துண்டு முதல் தட்டில் வைத்த கரண்டி வரை எல்லாம் அந்தப் பெயரைச் சொல்லிக்கொண்டுதான் இருந்தன.

மனைவி ஒரு மரச்சாமான் பட்டறைக்குப் பாலிஷ் போடப் போய், மெல்ல மெல்ல அறுக்கவும் இழைக்கவும் கற்றுக்கொண்டவள். பின் அறையில் அவளுக்கென்று ஒரு மேசையும் பலகை அறுக்கும் ஒரு கைமெஷினும் இருந்தன. அவள் செய்த ஸ்டூலை வீட்டுக்கு வருகிறவர்களுக்கெல்லாம் காட்டுவார். "நாலு கால்ல ஒண்ணு மட்டும் யாருக்கோ பயந்துக்கிட்டு நிக்கும், பாருங்க" என்பார். எல்லோரும் சிரிப்பார்கள். அவளும் சிரிப்பாள். அந்த ஸ்டூல் ஒருநாளும் ஆடியதில்லை என்பதை யாரும் கவனித்ததில்லை.

சில மாதங்களுக்கு முன்பு ஒரு காலையில் சமையலறையிலிருந்து பால் பொங்கித் தீயும் வாசனை வந்தது. "அடுப்பப் பாரு" என்று கூடத்திலிருந்தே குரல் கொடுத்தார். இன்னொரு முறையும் கொடுத்தார். பிறகு முணுமுணுத்துக்கொண்டே எழுந்து போய் அடுப்பை அணைத்தார். அதற்கப்புறம்தான் கீழே பார்த்தார்.

காரியங்கள் முடிந்து போன மகள் திரும்ப அந்த வீட்டுக்கு வரவில்லை. தொலைபேசியில் "சாப்பிட்டீங்களா, மாத்திரை போட்டீங்களா" என்பதோடு சரி. போன வாரம்தான் முதல் முறையாக வருகிறேன் என்றாள்.

"ஞாயித்துக்கிழமை வரேன்பா. ரொம்ப நேரம் இருக்க முடியாது."

"வா, வா. அம்மா ஆரம்பிச்ச அலமாரிய முடிச்சு ஹால்ல நிறுத்தி வைக்கிறேன். அவ சாமானெல்லாம் இனிமே அதுலதான்."

மறுமுனையில் எதையோ கீழே வைக்கும் சத்தம்.

"எந்த அலமாரி?"

"பின் ரூம்ல பலகை அறுத்துக் கோடு போட்டு வச்சிருக்காளே, அதுதான். தூணுக்கும் ஜன்னலுக்கும் நடுவுல வைக்கணும்னு கேட்டுக்கிட்டே இருப்பாளே."

"அதத் தொடாதீங்கப்பா."

"ஏன், எனக்கு வராதா?"

"வராதுன்னு நான் சொல்லல. அது அப்படியே இருக்கட்டும்னு சொல்றேன்."

"அரைகுறையா நிக்கிறது எனக்குப் பிடிக்காதுன்னு உனக்குத் தெரியாதா? ஆயிரம் கட்டடத்துக்கு மூலை பாத்தவன்மா நான்."

"தெரியும்பா" என்று வைத்துவிட்டாள்.

தூணுக்கும் ஜன்னலுக்கும் நடுவில் அலமாரி வேண்டும் என்று மனைவி கேட்டபோதெல்லாம், ஹாலின் நேர்த்தி கெட்டுவிடும் என்று மறுத்தவர் அவர்தான். இப்போது பெரிய மனது பண்ணிச் சம்மதித்திருந்தார். அந்த அலமாரி அங்கே நின்றால் மகள் உட்கார்ந்து ஒரு வாய் தண்ணீராவது குடிப்பாள், அடுத்த மாதமும் வருவாள் என்று ஒரு நம்பிக்கை. அம்மாவுக்காக அப்பா ஒன்றுமே செய்யவில்லை என்று அவள் எந்தச் சொல்லிலும் சொன்னதில்லை. அதுதான் உறுத்திக்கொண்டிருந்தது.

மனைவி பெரிய வேலையை முடித்து வைத்திருந்தாள். பலகைகளை நீளவாட்டில் அறுத்திருந்தாள். பக்கப் பலகைகள் இரண்டும் தயார். நடுவில் வரும் மூன்று தட்டுகளுக்கும் ஒரு முனையை மட்டும் வெட்ட வேண்டும். வெட்ட வேண்டிய இடத்தில் கோடு. கோட்டுக்கு வெளிப்பக்கம் அவளுடைய குண்டு எழுத்தில், "இந்தப் பக்கம் சுவர்."

"அக்காவோட அந்த மடக்கு மட்டம் எங்க மாமா? காத மடக்கி எந்தச் சாய்வுக்கு வேணும்னாலும் திருகி வச்சுக்குமே, அது."

"தொலைச்சிருப்பா. எடுத்த சாமான எடுத்த இடத்துல வைக்கிற பழக்கம் உங்க பரம்பரைக்கே கிடையாது."

"எங்க பரம்பரை பொண்ண மட்டும் வச்ச எடத்துல வச்சிருந்தோம். நீங்கதான் எடுத்துட்டு வந்தீங்க."

நேர்கோடு முதல் பலகையில் மூலைமட்டத்தை வைத்துப் புதுக்கோடு போட்டார். மனைவியின் கோடு புதுக்கோட்டுக்கு வெளியே, கழிவுப் பக்கம் விழுந்தது. கைமெஷினை எடுத்தார். வாழ்நாளில் ஆயிரம் நேர்கோடுகளுக்கு முத்திரை குத்தியிருந்தாரே தவிர, ஒன்றைக்கூட வெட்டியதில்லை. மெஷின் அலறியது. பாதி தூரம் கோட்டோடு போய், பிறகு தன் விருப்பத்துக்குப் போய், அவர் பதறித் திருப்பியதும் மறுபக்கம் போய், சிராய் பிய்த்துக்கொண்டு வெளியே வந்தது.

மச்சினன் வெட்டிய ஓரத்தைத் தடவிப் பார்த்தான்.

"ஆறு மாதிரி போயிருக்கு மாமா. கரையில ரெண்டு மரம் வச்சா நல்லாயிருக்கும்."

"பிளேடு மழுங்கிப் போச்சு."

"அப்ப கட்டை வச்சு வெட்டுங்க. ஒரு நேரான ரீப்பர் கட்டைய பலகை மேல கவ்வி மாட்டி, அத ஒட்டியே மெஷின தள்ளணும். அக்கா அப்படித்தான் வெட்டும்."

அக்கா செய்ததுபோல் செய்ய அவருக்குப் பிடிக்கவில்லை. ஆனாலும் செய்தார். இன்னும் கொஞ்சம் உள்ளே தள்ளி, அதே பலகையில் மறுபடி ஒரு கோடு போட்டு, கோட்டின் மேலேயே ரீப்பர் கட்டையை வைத்து இரண்டு கவ்விகளால் இறுக்கி, மெஷினை ஒட்டித் தள்ளினார். இந்த முறை வெட்டு வெண்ணெயில் வைத்த கத்திபோல நேராகப் போனது. நிமிர்ந்து மச்சினனைப் பெருமையோடு பார்த்தார். அவன் பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"மாமா, கோடு இங்க இருக்கு. வெட்டு நாலு விரல் தள்ளி உள்ள போயிருக்கு."

"எப்படி?"

"மெஷின் அடித்தட்டோட ஓரம்தான கட்டைய ஒட்டிப் போவுது? பிளேடு அந்தத் தட்டுக்கு நடுவுல இருக்கு. அந்த எடைவெளிய விட்டுட்டுக் கட்டைய மாட்டணும்."

"அது எனக்குத் தெரியாதா?"

"உங்களுக்குத் தெரியும். பலகைக்குத்தான் தெரியல."

ஒரு தட்டு குட்டையாகிவிட்டால் மற்ற இரண்டையும் அதே அளவுக்குக் குறைக்க வேண்டியதுதான். இரண்டாவது பலகையில் இடைவெளியைக் கணக்காக விட்டார். ஆனால் கோட்டின் எந்தப் பக்கம் பிளேடு போக வேண்டும் என்பதை விட்டுவிட்டார். பிளேடின் கனம் அளவுக்கு அதுவும் குறைந்தது. அதற்கு ஈடாக முதல் பலகையை இன்னொரு தடவை சீவினார். சீவும்போது, கவ்வி கடித்துக் கோணலாகியிருந்த நீள ஓரத்தையே ஆதாரமாக வைத்துக்கொண்டு மூலைமட்டம் பிடித்திருந்தார். கோணல் ஓரத்தில் உட்கார்ந்த மூலைமட்டம் கோணலுக்குத்தான் நேர் சொல்லும். மூலைக்கு மூலை டேப் பிடித்துப் பார்த்தபோது இரண்டு குறுக்களவும் ஒன்றோடொன்று பேச்சுவார்த்தை இல்லாமல் நின்றன.

"இன்னும் ரெண்டு தடவ சரி பண்ணுங்க மாமா. பள்ளிக்கூடப் பிள்ளைங்களுக்கு ஸ்கேலா குடுத்துடலாம்."

மூன்றாவது பலகையைத் தொட நேர்கோட்டுக்கே பயம் வந்துவிட்டது. எல்லாவற்றையும் கயிறு போட்டுக் கட்டி பிளைவுட் கடைக்குக் கொண்டு போனார்கள். வெட்டிப் போட்ட துண்டுகளையும் மச்சினன் சேர்த்துக் கட்டினான். "அக்கா எழுத்து இருக்கு. குப்பையில போட வேணாம்" என்றான்.

கடைக்காரர் மரத்தூள் படிந்த புருவத்தை உயர்த்திப் பலகைகளைப் பார்த்தார்.

"யாரு சார் வெட்டுனது? எலியா?"

"கொஞ்சம் பிசகிடுச்சு. உங்க பெரிய மெஷின்ல மூணையும் ஒரே அளவா, மூலை சுத்தமா வெட்டிக் குடுங்க."

கடைக்காரர் வெட்டாத மூன்றாவது பலகையை மேசையில் கிடத்தினார். மனைவியின் கோட்டைப் பார்த்தார். அவள் கோடு விழுந்த கழிவுத் துண்டுகள் இரண்டையும் எடுத்து அந்தக் கோட்டின் மேல் ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தார்.

"இது அக்கா கோடாச்சே. வேணும்னே சாய்ச்சுப் போட்டிருக்காங்க சார். மூணு பலகையிலயும் ஒரே சாய்வு, ஒரு நூல் பிசகல."

"ஒரே தப்ப மூணு தடவ பண்ணியிருக்கா."

"தப்புன்னா மூணும் மூணு விதமால்ல இருக்கும்? உங்களுது மாதிரி." சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார். "நான் வெட்டித் தரேன்னு சொன்னேன் சார் அப்பவே. 'இது உன் மெஷினுக்கு வராதுப்பா, அங்கயே வச்சுப் பாத்துதான் வெட்டணும்'னாங்க. சுவர் மூலை எங்கயாச்சும் கோணலா இருக்கும். எதுக்கும் வீட்டுல ஒரு தடவ பாத்துட்டு வாங்களேன்."

"என் வீட்டுலயா? கோணலா?"

ஆனால் அந்தப் பேச்சு அவரை விடவில்லை. மச்சினனைக் கடையிலேயே உட்கார வைத்துவிட்டு, ஒரு கழிவுத் துண்டையும் மூலைமட்டத்தையும் எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனார்.

தூண் மூலையில் மூலைமட்டத்தை வைத்தார். ஒளி நுழைய இடமில்லை. ஜன்னல் பக்கம் வைத்தார். அங்கேயும் அப்படித்தான். வீடு கட்டும்போது கொத்தனாரைக் கூடவே நின்று வாட்டி, கூடத்துச் சுவரை இரண்டு முறை இடிக்க வைத்தவர் அவர். அந்தக் கொத்தனார் கடைசி நாளில் "சார், இந்த வீட்டுல பந்து வச்சாக்கூட உருளாது, பயந்துக்கிட்டு நிக்கும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

படுக்கையறையில் வைத்தார். சமையலறையில் அடுப்பு மேடையின் ஓரம், பாத்திர அலமாரியின் பின்புறம், கடைசியாக அவள் விழுந்து கிடந்த இடத்துக்கு மேலே இருந்த மூலை. முட்டி போட்டு, எக்கி, ஸ்டூலின் மேல் ஏறி, வீட்டின் எல்லா மூலைகளையும் பார்த்தார். எங்காவது ஒரு மூலை, அவள் போட்ட அளவுக்கு விலகியிருந்தால் போதும் என்று அவருக்கே தெரியாமல் ஓர் ஆசை வந்திருந்தது. அவளோடு குடித்தனம் நடத்திய காலம் முழுவதிலும், அவள் சரியாக இருக்க வேண்டும் என்று அவர் ஆசைப்பட்டது அன்றைக்கு மட்டும்தான்.

ஒரு மூலையும் விலகவில்லை.

கடைக்குத் திரும்பியபோது குரல் சற்றுத் தளர்ந்திருந்தது. "கோணல் இல்லப்பா. வெட்டிடு" என்றார்.

கடைக்காரர் மச்சினனைப் பார்த்தார். மச்சினன் வெளியே தெருவைப் பார்த்தான். மெஷின் ஓடியது. மூன்று தட்டுகளும் ஒரே அளவாக, நான்கு மூலையும் சுத்தமாக வந்தன. மூன்றாவது துண்டு கீழே விழுந்தது. "இந்தப் பக்கம் சுவர்" என்று அதிலும் எழுதியிருந்தது.

சனிக்கிழமை அலமாரியைப் பொருத்தித் தூக்கி வந்து இடத்தில் நிறுத்தினார்கள். தூணுக்கும் ஜன்னல் சுவருக்கும் நடுவில் அது அளவெடுத்துத் தைத்த சட்டைபோல உட்கார்ந்தது. இடைவெளியில் ஒரு தீக்குச்சி நுழையும், அவ்வளவுதான். நேர்கோடு ஒரு நிமிடம் நம்பாமல் நின்றார். பிறகு முகம் மலர்ந்துவிட்டது.

மச்சினன் டேப்பை எடுத்துத் தூணிலிருந்து ஜன்னல் சுவர் வரை பிடித்தான். மறுபடி பிடித்தான்.

"மாமா, அக்கா போட்ட நீளத்துக்கு வெட்டியிருந்தா இது இங்க நுழைஞ்சே இருக்காது. ஒரு சாண் கூட இருந்திருக்கும்."

"அதத்தான் சொல்றேன். சாய்வும் தப்பு, நீளமும் தப்பு. நான் வெட்டி வெட்டிச் சரி பண்ணல?"

"அக்கா ஒரு சாண் தப்பா அளக்குமா?"

"அளந்திருக்கே!"

மச்சினன் டேப்பை விட்டான். அது சர்ரென்று உள்ளே போய்ச் சுருண்டுகொண்டது.

ஞாயிற்றுக்கிழமை மகள் வந்தாள். செருப்பை வாசலில் விட்டாள். ஒன்று கொஞ்சம் திரும்பியிருந்தது. நேர்கோடு குனிந்து அதைச் சரி செய்யப்போய், அடக்கிக்கொண்டார். அதற்கே அவருக்கு மூச்சு வாங்கியது.

அலமாரியில் மனைவியின் கண்ணாடி, சீப்பு, உளிகள், பட்டறையில் எடுத்த படம், எல்லாவற்றையும் உயர வரிசைப்படி அடுக்கியிருந்தார். மகள் கொஞ்ச நேரம் அதன் முன்னால் நின்றாள்.

"வெட்டுன துண்டெல்லாம் எங்கப்பா?"

சுத்தத்தைச் சோதிக்கிறாள் என்று நினைத்துக்கொண்டு உற்சாகமாகக் கூடையைக் காட்டினார். துண்டுகளையும் அளவு வாரியாகத்தான் அடுக்கியிருந்தார். அவள் குனிந்து ஒரு துண்டை எடுத்தாள். ஒரு பக்கம் அகன்று மறுபக்கம் ஒடுங்கிப் போகும் அந்தக் கோட்டின் மேல் விரலை வைத்து மெல்ல இழுத்துக்கொண்டு போனாள்.

"அலமாரி எப்படின்னு ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"நேரா இருக்குப்பா."

அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டார். "உக்காரு. தண்ணி குடி" என்றார். அவள் உட்கார்ந்தாள். தம்ளரை வாங்கிக்கொண்டாள். நேர்கோடு அவசரமாகப் பேச ஆரம்பித்தார். "உங்கம்மா தப்பா போட்டத எவ்வளவு பாடுபட்டுச் சரி பண்ணுனேன் தெரியுமா? உன் மாமனக் கேளு. வீடு பூரா மூலை பாத்தேன். ஒரு மூலையாவது..."

"மாமா, விடுங்க" என்றான் மச்சினன்.

அப்போது வாசலில் குரல் கேட்டது. "யாருங்க வீட்டுல?"

கழுத்தில் துணி அளக்கும் நாடாவைப் போட்டபடி ஓர் அம்மாள் நின்றிருந்தாள். இரண்டு தெரு தள்ளித் தையல் கடை வைத்திருப்பவள். மகள் அவளைப் பார்த்ததும் தண்ணீர் சிந்த எழுந்தாள்.

"ஆன்ட்டி, நானே வந்து வாங்கிக்கிறேன்னு நேத்து போன்ல சொன்னேன்ல."

"சொன்னம்மா. ஆனா கையில வச்சுக்கிட்டு இருக்க மனசு வரல. பொண்ணு பிரசவத்துக்குப் போயிருந்தேன் சார், நேத்துதான் வந்தேன். விஷயமே நேத்துதான் தெரியும். நெஞ்சே அடைச்சுப் போச்சு." முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, பையிலிருந்து ஒன்றை எடுத்து அவரிடம் நீட்டினாள். "அளக்க வந்தப்ப இத விட்டுட்டுப் போயிட்டாங்க."

தொலைந்துபோன மடக்கு மட்டம். காது சாய்ந்த நிலையில் திருகு இறுக்கப்பட்டிருந்தது.

நேர்கோடு அதை வாங்கினார். மகளின் கையிலிருந்த துண்டைத் தானே எடுத்து, கோட்டின் மேல் மட்டத்தை வைத்தார். கோடு தகட்டோடு புறப்பட்டு, தகட்டோடு போய், தகட்டோடு முடிந்தது. ஒரு நூல் பிசகவில்லை. அவர் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது.

"அப்ப உங்க வீட்டு மூலைதான் கோணலா! மாப்ள, உங்கக்கா தப்பா போடலடா! சரியாத்தான் போட்டிருக்கா!" அந்த அம்மாளின் பக்கம் திரும்பினார். "நான் ஒரு மடையன், அத வெட்டிக் கெடுத்துட்டேன். நீங்க கவலைப்படாதீங்க. உங்களுக்குன்னு ஒத்துக்கிட்ட அலமாரிய நானே வேற பலகை வாங்கி அதே சாய்வுல செஞ்சு குடுத்துடறேன்."

"அப்பா" என்றாள் மகள். "போதும்பா."

அந்த அம்மாள் மகளைப் பார்த்தாள், மச்சினனைப் பார்த்தாள், பிறகு அவர் சொன்னதைத் திருத்தாமல் விடுவது மரியாதையில்லை என்று நினைத்தவள்போலச் சொன்னாள்:

"எனக்கில்லைங்க, அலமாரி அவங்களுக்குத்தான், தனியா வந்து இருந்துக்கறேன்னு எங்க மாடி ரூமக் கேட்டிருந்தாங்க, அந்த மூலை கோணலா இருக்கேன்னு நான்தான் கொத்தனாரைக் கூப்பிட்டு நேராக்கித் தரவான்னு கேட்டேன், 'வேணாம்க்கா, அப்படியே இருக்கட்டும், மிச்ச நாள கோணல்லயே இருந்து பாக்கறேன்'னாங்க."